உங்கள் லேப்டாப்பில் எது ஓடும்?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் ஒருசேர அழுத்துங்கள். விண்டோஸ் லேப்டாப்பாக இருந்தால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் இடப்புறம் சிபியு, மெமரி, டிஸ்க், ஜிபியு என்று வரிசையாக இருக்கும். மெமரி, அதாவது ராம், 4 ஜிபியா, 8 ஜிபியா, 16 ஜிபியா? டிஸ்க் எஸ்எஸ்டியா, பழைய ஹார்டு டிஸ்க்கா? கிராஃபிக்ஸ் சில்லான ஜிபியு ஒன்றா, இரண்டா? இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லித்தான் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு எடிட்டிங் வகுப்பைத் தொடங்குகிறேன்.

திருச்சியில் ஒரு கலைக் கல்லூரியில், விஷுவல் கம்யூனிகேஷன் துறையில் எடிட்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்பு சென்னையில் டிவி தொடர்களுக்கு எடிட் செய்தேன். பிறகு ஊருக்கு வந்து சில காலம் கல்யாண வீடியோ. ஜூன் மாதம் அட்மிஷன் முடிந்ததும் வராந்தாவில் மறித்துக் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மேடம், எந்த சாஃப்ட்வேர் போடட்டும்? பிரீமியரா, டாவின்சியா?"

"உங்கிட்ட என்ன லேப்டாப்புப்பா இருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் வாடிவிடுகிறது. வசதியைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. வீடியோ எடிட்டிங்கில் மென்பொருளின் பெயர் மூன்றாவதாக வரவேண்டிய சங்கதி. முதலாவது இயந்திரம். இரண்டாவது, நீங்கள் என்ன எடுத்துக்கொண்டு வருகிறீர்கள், அதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பது. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் மூன்றாவது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

வீடியோ ஏன் கணினியை இந்தப் பாடு படுத்துகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம். 4கே படத்தில் ஒரு ஃபிரேமில் அகலத்தில் 3840 புள்ளிகள், உயரத்தில் 2160 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். சுருக்காமல் வைத்தால் ஒரு ஃபிரேமே சுமார் 25 எம்பி வரும். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 750 எம்பி. ஒரு நிமிடத்துக்கு 45 ஜிபி அளவில் போய் நிற்கும். ஆனால் ஓர் ஐபோன் அதே ஒரு நிமிட 4கே காட்சியை சுமார் 170 எம்பியில் அடக்கிவிடுகிறது. எப்படி?

மளிகைக் கடைப் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாத ஆரம்பத்தில் முழு பாக்கியையும் எழுதுவார்கள். அதன் பிறகு அரைக் கிலோ துவரம் பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய் என்று அன்றன்றைக்கு மாறியதை மட்டும் எழுதுவார்கள். 17ஆம் தேதி பாக்கி எவ்வளவு என்று திடீரென்று கேட்டால், முதல் வரியிலிருந்து கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும். எச்.264, எச்.265 என்ற முறைகளில் ஃபோன் செய்வதும் இதுதான். எப்போதாவது ஒரு முழு ஃபிரேம். இடையில் உள்ள ஃபிரேம்களுக்கு, முன்னதிலிருந்து எது மாறியது என்ற குறிப்பு மட்டும். படத்தை முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்க்கும்போது இதில் சிரமமே இல்லை. எடிட்டர் அப்படியா பார்க்கிறார்? நடுவில் போய் நிற்பார், பின்னால் இழுப்பார், நான்கு ஃபிரேம் முன்னே தள்ளுவார், மூன்று லேயரை ஒன்றன்மேல் ஒன்று வைப்பார். ஒவ்வொரு முறையும் கணினி முழு ஃபிரேம் வரை பின்னால் போய்க் கணக்குப் போட்டுக்கொண்டு வரவேண்டும். டைம்லைன் திக்குவது இதனால்தான்.

இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் சமயபுரம் கோவில் பூச்சொரிதல் விழாவை ஃபோனில் எடுத்துக்கொண்டு வந்தான். அருமையான காட்சிகள். யானை மேல் பூக்கூடை வரும்போது பக்கவாட்டில் ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஷாட்டை எந்த ஒளிப்பதிவாளரும் விரும்புவார். ஆனால் எல்லாம் 4கே, நொடிக்கு 60 ஃபிரேம். லேப்டாப் 8 ஜிபி. டாவின்சி ரிசால்வில் போட்டு பிளே செய்தால் படம் நின்று நின்று ஓடியது, சத்தம் மட்டும் முன்னே போனது.

"மேடம், லேப்டாப் செத்துப்போச்சு மேடம். அப்பாகிட்ட புதுசு கேட்கணும்."

"கேட்காதே. கொஞ்சம் பொறு."

கிளிப்புகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, 'ஜெனரேட் பிராக்சி மீடியா' என்பதை அழுத்தச் சொன்னேன். பிராக்சி என்பது ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன அளவில், எடிட் செய்வதற்கு இலகுவான வடிவத்தில் எடுக்கிற நகல். மின்விசிறி சத்தம் போட்டபடி அது ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தோம். திரும்பி வந்து டைம்லைனை இழுத்துப் பார்த்தான். பாட்டியின் கை கன்னத்துக்குப் போகும் ஃபிரேமில் சரியாக நிறுத்த முடிந்தது. பின்னால் இழுத்தால் வந்தது, முன்னால் தள்ளினால் போனது. அதே லேப்டாப்தான்.

"குவாலிட்டி போயிடாதா மேடம்?"

போகாது. கட் செய்யும்போது மட்டும் நகல். எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் அசலை எடுத்துக்கொள்ளும். ஒரு மாணவர் லேப்டாப்பை மாற்றுவதற்கு முன்பு கற்றுக்கொள்ள வேண்டியது இந்த ஒரு வழக்கத்தைத்தான். பிரீமியர், ரிசால்வ், ஃபைனல் கட், கேடன்லைவ் எல்லாவற்றிலும் பிராக்சி உண்டு. பெரிய படங்களிலும் எடிட்டர்கள் நகலை வைத்துத்தான் வெட்டுகிறார்கள். கேமரா கொடுத்த அசலை நேரடியாக வெட்டுவது அங்கே அபூர்வம்.

இனி மென்பொருள்களுக்கு வருகிறேன்.

டாவின்சி ரிசால்வின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஃபுளோரிடாவில் இருந்த டாவின்சி சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம், சினிமாவுக்கும் விளம்பரங்களுக்கும் நிறம் திருத்துகிற பெரிய இயந்திரங்களைச் செய்துகொண்டிருந்தது. லட்சக்கணக்கான டாலர் விலை. அதைத் தொடக்கூட ஒரு மாணவனுக்கு வழி இருக்காது. 2009இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்த பிளாக்மேஜிக் டிசைன் அந்த நிறுவனத்தை வாங்கியது. அடுத்த ஆண்டே மென்பொருளை மட்டும் 995 டாலருக்கு விற்றது. 2011இல் இலவசப் பதிப்பு ஒன்றையும் வெளியிட்டது. இன்று அதில் எடிட்டிங், நிறம், ஒலி, கிராஃபிக்ஸ் எல்லாம் ஒரே கூரைக்குள் வந்துவிட்டன. இலவசப் பதிப்பில் 4கே அளவுக்கு, நொடிக்கு 60 ஃபிரேம் வரை, வாட்டர்மார்க் இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்யலாம். காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பு 295 டாலர், ஒரே முறை கட்டினால் போதும். இரைச்சல் நீக்கம் போன்ற சில வசதிகள் அதில் மட்டும்தான் உண்டு. மூன்று ஆண்டு இளங்கலைப் படிப்புக்கு இலவசப் பதிப்பே தாராளம் என்பது என் கருத்து. பயிற்சிப் புத்தகங்களையும் அந்த நிறுவனமே பிடிஎஃப் ஆக இலவசமாகத் தருகிறது. பயிற்சிக்கான காட்சிகளும் கூடவே கிடைக்கின்றன. பக்கம் பக்கமாகச் செய்து பார்த்த பிள்ளைகள் வகுப்பில் எல்லோருக்கும் முன்னே போய்விடுகிறார்கள்.

ஆனால் ரிசால்வ் நல்ல தீனி கேட்கும். 16 ஜிபி ராம் வேண்டும் என்கிறார்கள், ஃபியூஷன் பக்கத்தில் கிராஃபிக்ஸ் செய்தால் 32. தனி ஜிபியு இருந்தால் நிம்மதி. 8 ஜிபி வைத்திருப்பவர்கள் டைம்லைனை 1080இல் வைத்து, பிராக்சி போட்டு, ஃபியூஷன் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருந்தால் ஒப்பேற்றலாம். 4 ஜிபி என்றால் வேண்டாம், மனம் வெறுத்துப்போகும். லினக்ஸ் போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264 கோப்பைத் திறக்காது. ஃபோனில் எடுத்தது பெரும்பாலும் அதுவோ அதன் தம்பியோதான். இரவெல்லாம் இறக்கி, நிறுவி, கடைசியில் படம் வராமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

ரிசால்வில் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இன்னொரு இடமும் உண்டு. மற்ற மென்பொருள்களில் புராஜெக்ட் ஒரு கோப்பாக ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும், பென் டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம். ரிசால்வ் புராஜெக்டைத் தனக்குள் ஒரு டேட்டாபேஸில் வைத்துக்கொள்கிறது. கல்லூரி லேபில் ஒரு வாரம் எடிட் செய்துவிட்டு, காட்சிகளை மட்டும் காப்பி செய்துகொண்டு வீட்டுக்குப் போனால், வெட்டிய வெட்டு ஒன்றும் கூட வராது. புராஜெக்ட் மேனேஜரில் 'எக்ஸ்போர்ட் புராஜெக்ட்' செய்து அந்தக் கோப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும். தினமும், வீட்டுக்குக் கிளம்பும்போது.

அடோபி பிரீமியர் பல கல்லூரி லேப்களில் இருக்கிறது, வேலை கொடுக்கும் இடங்களிலும் நிறைய இருக்கிறது. ஃபோட்டோஷாப், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கற்கிறவர்களுக்கு அது ஒரே குடும்பம். 2013இலிருந்து அடோபி பிரீமியரின் புதிய பதிப்புகளைச் சந்தா முறையில் மட்டுமே கொடுக்கிறது. மாணவர்களுக்குப் பெரிய தள்ளுபடி உண்டு, ஆனால் முதல் ஆண்டுக்குப் பிறகு கட்டணம் கூடும். நான் பெற்றோரிடம் அழுத்திச் சொல்வது வேறொன்றை. மாதாமாதம் பணம் போவதால் அது மாதச் சந்தா என்று நினைக்காதீர்கள். 'ஆண்டு ஒப்பந்தம், மாதத் தவணை' என்ற வகையில் சேர்ந்து, முதல் 14 நாள் தாண்டிப் பாதியில் நிறுத்தினால், மீதியுள்ள மாதங்களின் தொகையில் பாதியைக் கேட்பார்கள். இந்தக் கட்டணத்தைச் சரியாக வெளிப்படுத்தவில்லை என்றுதான் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனின் பரிந்துரையின்பேரில் அந்நாட்டு நீதித் துறை 2024 ஜூனில் அந்த நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. சேரும் முன் அந்தப் பக்கத்தைப் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். அப்பாவின் கார்டிலிருந்து எவ்வளவு, எத்தனை மாதம் போகும் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லேபில் பிரீமியர், வீட்டிலும் பிரீமியர் என்றால் பதிப்பைச் சரிபாருங்கள். புதிய பதிப்பில் திறந்து சேமித்த புராஜெக்டைப் பழைய பதிப்பு திறக்காது. வீட்டில் தானாக அப்டேட் ஆகிவிடும், லேபில் போன வருடப் பதிப்பு அப்படியே இருக்கும். சப்மிஷனுக்கு முந்தின நாள் லேப் வாசலில் நடக்கும் அழுகைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஃபைனல் கட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லேப்டாப்களில் அது மேக்கில் மட்டும் ஓடும். வீட்டில் ஏற்கெனவே மேக்புக் இருந்தால் கொடுத்துவைத்தவர்கள். பழைய எம்1 ஏர்கூட ஃபோனின் 4கே காட்சிகளை அலட்டிக்கொள்ளாமல் வெட்டும், இலவசமான ஐமூவியிலேயே ஆரம்பிக்கலாம். இதற்காகவே மேக் வாங்குவது முதலாமாண்டில் தேவையற்ற செலவு.

எனக்கு மிகவும் பிரியமான மென்பொருளைப் பற்றி இப்போது சொல்கிறேன். கேடன்லைவ். 2002இல் தொடங்கியது, கேடிஇ என்ற திறமூல சமூகத்தின் கீழ் வளர்ந்துவருகிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பதிவு செய்யச் சொல்லாது, வாட்டர்மார்க் போடாது, கார்டு நம்பர் கேட்காது. இலவசம் என்பதைவிட, அது யாருக்கும் சொந்தமான கடை இல்லை என்பதுதான் எனக்கு முக்கியம். நாளைக்கு விலை வைத்துவிடுவார்களோ என்ற பயம் இல்லை.

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தியிடம் அண்ணனுடைய பழைய அரசு லேப்டாப்தான் இருந்தது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவன் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்தது. உள்ளே பாஸ் லினக்ஸும் இருந்தது, யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. இதில் எடிட்டிங் எல்லாம் முடியாது என்று கூடப் படிப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். ராம் கூட்டி, பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுக்கொண்டாள். தில்லைநகர் கடையில் அரை மணி நேர வேலை. கேடன்லைவின் புராஜெக்ட் அமைப்பில் பிராக்சியை இயக்கிவிட்டால் கிளிப் உள்ளே வந்ததும் தானே நகல் எடுத்துக்கொள்ளும். பூலாம்பாடிப் பக்கம் சின்ன வெங்காயம் பட்டறை போடுவதைப் பற்றி ஒரு குறும்படம் செய்தாள். பட்டறைக்குள் காற்று போவதற்கு ஏன் அடியில் இடம் விடுகிறார்கள் என்பதை ஒரு வார்த்தை பேசாமல், ஷாட்டுகளை அடுக்கியே புரியவைத்தாள். கேடன்லைவ் எப்போதாவது சொல்லாமல் மூடிக்கொள்ளும், அடிக்கடி சேமிக்க வேண்டும். நிறம் திருத்துவதில் ரிசால்வ் அளவுக்குக் கருவிகள் இல்லை. அந்தப் படத்துக்கு அவை எதுவும் தேவைப்படவில்லை.

கேடன்லைவும் கொஞ்சம் சிக்கலாகத் தெரிந்தால் ஷாட்கட் இருக்கிறது. அதன் போர்ட்டபிள் பதிப்பை நிறுவாமலே ஃபோல்டரிலிருந்து இயக்கலாம் என்பது, லேப் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாத இடங்களில் பெரிய உதவி. விண்டோஸ் 11இல் கிளிப்சாம்ப் வருகிறது, 1080 வரை வாட்டர்மார்க் இல்லாமல் கொடுக்கும்.

ஃபோனில் வெட்டுகிறவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். கைன்மாஸ்டரிலும் விஎன்னிலும் நல்ல தாளத்தோடு ரீல்ஸ் வெட்டுகிற பிள்ளைகள் வகுப்புக்கு வருவதற்கு முன்பே எடிட்டர்கள்தான். 30 நொடி, ஒரு நிமிடம் என்றால் ஃபோன் போதும். பத்து நிமிட ஆவணப்படத்துக்கு நாற்பது நிமிட பேட்டியை ஃபோனில் வெட்ட உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். வெட்டிய புராஜெக்டை இன்னொரு மென்பொருளுக்கு எடுத்துக்கொண்டு போகவும் பெரும்பாலும் வழி இருக்காது. ஃபோன் தொலைந்தால் படமும் தொலைந்தது.

கிராக் பற்றி, அதாவது பூட்டை உடைத்த திருட்டு மென்பொருள் பற்றி, எழுதாமல் போக முடியாது. "மேடம், அண்ணன் ஒருத்தர் பென் டிரைவ்ல தர்றேன்னாரு." இந்த வாக்கியத்தைக் கேட்காத ஜூலை இல்லை. முதலில், அது அடுத்தவர் உழைப்பு. எடிட்டராக வரப்போகிறவர் நாளைக்குத் தன் படம் டெலிகிராமில் சுற்றும்போது யாரிடம் போய் நியாயம் கேட்பார்? இரண்டாவது, கிராக்கை ஓடவைக்க ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திருடனை அழைக்கிற வேலை அது. 'ஸ்டாப்' என்று ஆராய்ச்சியாளர்கள் பெயரிட்ட பிணைத்தொகை வைரஸ் வகை கிராக் மென்பொருள்கள் வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவியது. கணினியில் உள்ள படம், வீடியோ, ஆவணம் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490 என்று ஒரு குறிப்பை விட்டுச் செல்லும். எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் இதுபோன்ற ஒரு வைரஸ் புகுந்தது. மூன்று முகூர்த்தத்தின் வீடியோ போய்விட்டது. தாலி கட்டியதை மறுபடி எடுக்க முடியுமா? ரிசால்வும் கேடன்லைவும் இலவசமாகக் கிடைக்கிற காலத்தில் கிராக்குக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

அடுத்தது தமிழ் எழுத்து. வெளிநாட்டு ஒப்பீடுகளில் இந்த விஷயம் ஒருபோதும் வராது. நமக்கோ முதல் டைட்டிலிலேயே வந்து நிற்கும். எந்த மென்பொருளை நிறுவினாலும் நான் முதலில் தட்டச்சு செய்யச் சொல்வது இந்த வரி: "ஸ்ரீரங்கம் கோவிலில் சௌந்தரமும் லக்ஷ்மியும் கொய்யா வாங்கினார்கள்." ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கிரந்த எழுத்து எல்லாம் இதில் வந்துவிடும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் போய்விட்டதா? புள்ளி மெய்யெழுத்தின் தலையில் இருக்கிறதா, பக்கத்தில் விழுந்து கிடக்கிறதா? பிரீமியரில் இந்த வரி உடைந்து வந்தால் பயப்பட வேண்டாம். அமைப்புகளில் கிராஃபிக்ஸ் பகுதியில் எழுத்துக்கான எஞ்சினை 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றிவிட்டுப் புதிதாக ஓர் எழுத்துப் பெட்டி திறந்தால் சரியாக வரும். பழைய பெட்டி அப்படியே உடைந்துதான் இருக்கும், அழித்துவிடுங்கள். கேடன்லைவில் எழுத்து பொதுவாகச் சிக்கல் இல்லாமல் வரும். ரிசால்வில் எழுத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கருவி உண்டு. ஒவ்வொன்றிலும் இந்த வரியைப் போட்டுப் பார்த்து, சரியாக வருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண ஸ்டுடியோக்களில் இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு: பாமினி எழுத்துரு. அதில் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் ஓர் ஆங்கில விசையின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். மென்பொருளுக்கு அது வெறும் ஆங்கிலம், ஆகவே எதிலும் உடையாது. திருமண அழைப்புக்கும் டைட்டில் கார்டுக்கும் அது பல ஆண்டு சோறு போட்டிருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் மாணவர்கள் யூனிகோடிலேயே பழக வேண்டும். பாமினியில் அடித்த சப்டைட்டிலை யூடியூபில் ஏற்றினால், 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும். காது கேளாத ஒருவர் உங்கள் படத்தைப் பார்க்க அந்த சப்டைட்டிலைத்தான் நம்பியிருக்கிறார். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை, ஹிந்த் மதுரை என்று நல்ல யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒலி விலகிப் போவதையும் சொல்லிவிடுகிறேன். பேட்டியின் ஆரம்பத்தில் உதடும் குரலும் ஒன்றாக இருக்கும், பத்தாவது நிமிடத்தில் குரல் முன்னே போயிருக்கும். மைக் மேல் பழி போடுவார்கள். பல ஃபோன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி ஃபிரேம் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொண்டே பதிவு செய்யும். டைம்லைனோ சீரான வேகத்தை எதிர்பார்க்கும். ஷாட்கட்டும் கேடன்லைவும் இத்தகைய கோப்பைக் கண்டதும் எடிட் செய்யத் தோதாக மாற்றட்டுமா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். மற்றவற்றில் சிக்கல் வந்தால் ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' வைத்து மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

"இண்டஸ்ட்ரியில எது மேடம் ஸ்டாண்டர்ட்?" இதற்கு ஒரே பதில் என்றைக்குமே இருந்ததில்லை. ஃபிலிமை ஸ்டீன்பெக் மேசையில் ஓட்டி, வெட்டி, ஒட்டிக்கொண்டிருந்த காலத்திலிருந்து கணினிக்கு வந்தபோது அமெரிக்காவின் ஏவிட்தான் முன்னால் நின்றது. 1994இல் வந்த கமல்ஹாசனின் 'மகாநதி' அதில் எடிட் செய்யப்பட்ட படம். 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' படத்தை ஏவிட்டில் வெட்டி ஆஸ்கர் வாங்கிய வால்டர் மர்ச், சில ஆண்டுகள் கழித்து 2003இல் வந்த 'கோல்ட் மவுன்டன்' படத்தை, கடையில் கிடைக்கிற ஆப்பிள் கணினியில், ஃபைனல் கட்டில் வெட்டினார். 2019இன் 'பாரசைட்', ஆப்பிள் 2011லேயே கைவிட்ட ஃபைனல் கட் 7இல் எடிட் செய்யப்பட்டது. எடிட்டிங்குக்கும் சேர்த்து ஆஸ்கர் வாங்கிய 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' பிரீமியரில் வெட்டியது. லாட்வியாவின் 'ஃப்ளோ' 2025இல் அனிமேஷனுக்கான ஆஸ்கரை வாங்கியபோது, அது பிளென்டர் என்ற இலவசத் திறமூல மென்பொருளில் செய்த படம் என்பதை வகுப்பில் சொன்னேன். பின்வரிசையில் கைதட்டினார்கள்.

நம் ஊர் நிலவரம் வேறு. திருச்சி, மதுரை, தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாண ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போனால், அங்கே இருப்பது பெரும்பாலும் எடியஸ்தான். ஜப்பானின் கனோபஸ் நிறுவனத்தில் பிறந்த மென்பொருள். பல கேமரா, பல மணி நேரம் ஓடும் வீடியோ, சாதாரணக் கணினி என்ற நம் கல்யாண வேலைக்கு அது அத்தனை பாந்தமாக ஒட்டிக்கொண்டது. கல்லூரிப் பாடத்திட்டத்தில் அதன் பெயரே இருக்காது. சென்னையில் யூடியூப் சானல்களும் விளம்பர நிறுவனங்களும் பிரீமியர் கேட்பார்கள், நிறம் திருத்தும் இடங்களில் ரிசால்வ். ஒன்றை ஆழமாகக் கற்றவர் இன்னொன்றுக்கு மாற ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். விசைகளின் இடம் மாறும், அவ்வளவுதான். பேசுகிறவர் வாக்கியத்தை முடிக்கும் முன் வெட்டுவதா, முடித்து மூச்சு விட்ட பின் வெட்டுவதா என்று தெரிந்த கை எந்த மென்பொருளிலும் தெரிந்த கைதான்.

இந்த வருடம் அட்மிஷனின்போது ஒரு தகப்பனார் தயங்கித் தயங்கி வந்தார். லால்குடிப் பக்கம் விவசாயம். "ஒரு லட்ச ரூபா லேப்டாப் இல்லாட்டி இந்தப் படிப்பே படிக்க முடியாதுங்கிறான் மேடம். நெல்லு போட்ட காசு இன்னும் வரல. நிசமாவே அவ்வளவு வேணுங்களா?"

வேண்டாம் ஐயா என்றேன். பையனிடம் இருந்ததோ 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ள, இரண்டு வருடம் ஆன லேப்டாப். அதில் இன்னொரு ராம் போட இடம் இருக்கிறதா என்று கழற்றிப் பார்க்கச் சொன்னேன், சில மெல்லிய லேப்டாப்களில் ராமைப் போர்டிலேயே ஒட்டியிருப்பார்கள். இடம் இருந்தால் முதல் செலவு அது, 16 ஆக்கிவிடலாம். இரண்டாவது செலவு, காட்சிகளை வைக்க வெளியே மாட்டுகிற ஓர் எஸ்எஸ்டி. 256 ஜிபி விண்டோஸுக்கும் மென்பொருளுக்குமே சரியாகிவிடும். மூன்றாவது, காதை மூடுகிற நல்ல ஹெட்போன். லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டு வெட்டிய படத்தில் மின்விசிறி இரைச்சலும் காற்றுச் சத்தமும் திரையிடும் அன்றைக்குத்தான் தெரியும். சந்தா எதுவும் இப்போதைக்குக் கட்ட வேண்டாம். முதல் செமஸ்டர் கேடன்லைவ், ராம் கூடியதும் ரிசால்வ், பிரீமியர் பழக எங்கள் லேப் மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும் என்று சொன்னேன். பையன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். "கேமிங் லேப்டாப் மேடம்…" என்று ஆரம்பித்தான். "மூணாவது வருஷம் ஒரு குறும்படம் முடிச்சிட்டு வா, அப்ப பேசலாம்" என்றேன். தகப்பனார் ஹெட்போன் என்ன விலையில் வாங்கலாம் என்று கேட்டார்.